யாழ்ப்பாணக் கடற்பாசியில் நூடில்ஸ் சம்பல்



கடற்பாசி என்றதும் நோன்பு காலத்து இனிப்புத்தான் நம் நினைவுக்கு வரும். அதில் புளிப்பும் உறைப்புமாகச் சம்பலும் செய்யலாம். யாழ்ப்பாணக் கடனீரேரியில் வளரும் கஞ்சிப்பாசி, வெள்ளைக்காரன் காலத்திலேயே 'சிலோன் மொஸ்' என்று வெளிநாட்டில் பெயர் எடுத்தது.

தேவையானவை (4 பேருக்கு): அரிசி நூடில்ஸ் 200 கிராம், உணவுக்கென விற்கும் உலர்ந்த பாசி ஒரு கைப்பிடி, கரட் 1, வெள்ளரிக்காய் 1, சின்ன வெங்காயம் 6, பச்சைக் கொச்சிக்காய் 2, தேசிக்காய் 1, மிளகுத்தூள், உப்பு.

செய்முறை: பாசியைப் பச்சைத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, மணல் போக அலசுங்கள். கொதிநீரில் அரை நிமிடம் மட்டும் முக்கி எடுங்கள். கூடுதலாக வெந்தால் கரைந்து கஞ்சியாகிவிடும். நூடில்ஸை அவித்து வடியுங்கள். இரண்டையும் கொதித்தாறிய தண்ணீரில் அலசுங்கள். காய்களைக் கழுவி மெல்லியதாக நறுக்கிச் சேர்த்து, தேசிப்புளி விட்டுப் பிசறுங்கள்.

இது அடுப்பில் ஏறாத சாப்பாடு. பீலித் தண்ணீரை அப்படியே பாவித்தால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரலாம். காய் கழுவவும் கொதித்தாறிய தண்ணீரே வேண்டும். செய்த உடனே சாப்பிடுங்கள். மறுநாள் கொழுந்துக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கடற்பாசியில் அயடீன் உண்டு. ஆனால் அளவு பாசிக்குப் பாசி மாறும். அதை நம்பி அயடீன் உப்பை விட்டுவிடாதீர்கள். கழலையைத் தடுக்க 1995இல் நம் நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். உப்பை மூடிய போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். தைரொயிட் நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுப் பாசி சாப்பிடுங்கள்.