உயர்தர இசைத்தட்டுகள் நிலைக்குமா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய குறுந்தட்டு ஒன்று கிடந்தால் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர், ஒரு பக்கத்தில் வானவில் நிறங்கள். சோனி, பிலிப்ஸ் என்னும் இரு நிறுவனங்கள் உருவாக்கிய இத்தட்டு 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இதே அளவில், இதே தோற்றத்தில் மேலும் இரண்டு இசைத்தட்டுகள் பின்னர் வந்தன. 1999இல் வந்தது சூப்பர் ஆடியோ சிடி. 2000இல் வந்தது டிவிடி ஆடியோ. எண்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் பழைய குறுந்தட்டைவிட மேலானவை. ஆயினும் பத்து ஆண்டுகளுக்குள் டிவிடி ஆடியோ ஏறக்குறைய மறைந்துவிட்டது. சூப்பர் ஆடியோ சிடி ஒரு சிறு ரசிகர் வட்டத்துக்குள் ஒடுங்கிவிட்டது.

மேலான பொருள் ஏன் தோற்றது? அத்தட்டுகளில் பதிந்துள்ள இசைக்கு இனி என்ன ஆகும்? விடை காண, முதலில் குறுந்தட்டின் இயற்பியலைச் சற்றுப் பார்ப்போம்.

ஒலியை எண்ணாக்குதல்

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அழுத்த மாறுதல் என்று படித்திருக்கிறீர்கள். ஒலிவாங்கி அம்மாறுதலை மின்னழுத்த மாறுதலாக்கித் தருகிறது. அந்த மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து, அந்த அளவை எண்ணாக எழுதி வைப்பதே குறுந்தட்டின் முறை. மருத்துவமனையில் செவிலியர் நான்கு மணிக்கு ஒருமுறை காய்ச்சலை அளந்து அட்டையில் குறிக்கிறார் அல்லவா? அதைப் போன்றதுதான் இது. ஆனால் இங்கே ஒரு நொடிக்குள் 44,100 அளவீடுகள்!

இந்த எண்ணிக்கை ஏன்? மனிதச் செவி கேட்கக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைக் குறைவின்றி மீட்க வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவீடுகள் வேண்டும். 1928இல் ஹாரி நைக்விஸ்ட் வெளியிட்ட கருத்தை ஒட்டி, 1949இல் கிளாட் ஷானன் இதனை விளக்கிக் காட்டினார். 44,100இல் பாதி 22,050. செவியின் எல்லையை இது தாண்டிவிட்டது.

'இரண்டு அளவீடுகளுக்கு இடையே நடந்தது விட்டுப்போகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல ஐயம்தான். வரைபடத் தாளில் குறித்த புள்ளிகளின் வழியே எத்தனையோ வளைகோடுகள் வரையலாம். ஆனால் 22,050 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்களால் மட்டுமே ஆன வளைகோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. இயக்கும் கருவி மீட்டுத் தருவது அந்தக் கோட்டைத்தான். ஆகவே, குறுந்தட்டிலிருந்து வரும் ஒலி படிக்கட்டுப்போல் உடைந்து உடைந்து வரும் என்று எண்ணுவது தவறு.

ஒவ்வோர் அளவீடும் 16 பிட் நீளமுள்ள இரும எண்ணாக எழுதப்படுகிறது. 2ஐ 16 முறை பெருக்கினால் 65,536. அத்தனை படிகளாக அளவு பிரிக்கப்படுகிறது என்று பொருள். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் வீதம், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. இடது, வலது என்று இரு தடங்கள் உள்ளதால், ஒரு நொடி இசைக்கு 44,100 × 16 × 2 = 14,11,200 பிட்டுகள் தேவை.

புதிய தட்டுகள் இரண்டு

டிவிடி ஆடியோ இதே வழியில் இன்னும் முன்னே சென்றது. இரு தடங்களுக்கு நொடிக்கு 1,92,000 அளவீடுகள் வரை. ஒவ்வொன்றும் 24 பிட் வரை. சூப்பர் ஆடியோ சிடி புதுவழி ஒன்றைக் கண்டது. அதில் ஓர் அளவீட்டுக்கு ஒரே ஒரு பிட்தான். ஆனால் நொடிக்கு 28,22,400 அளவீடுகள். ஒரே பிட்டைக் கொண்டு உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் எப்படிக் குறிப்பது? செய்தித்தாளில் வரும் கறுப்பு வெள்ளைப் படத்தை உருப்பெருக்கி வழியே பாருங்கள். சாம்பல் நிற மை எங்கும் இராது. கறுப்புப் புள்ளிகளே இருக்கும். கறுப்பு மிகுந்த இடம் இருளாகவும், குறைந்த இடம் வெளிச்சமாகவும் தோன்றும். அதுபோல, 1 என்னும் பிட்டுகள் நெருங்கி வந்தால் அலை உயர்கிறது. 0 மிகுந்தால் தாழ்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: இரு தடங்களுக்கு நொடிக்கு 56,44,800 பிட்டுகள். குறுந்தட்டைப்போல் சரியாக 4 மடங்கு.

இவ்வளவையும் அதே 12 சென்டிமீட்டருக்குள் அடக்கியது எப்படி? குறுந்தட்டைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. புதிய தட்டுகளுக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. அலைநீளம் குறைந்தால் ஒளியை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். வில்லையும் மேம்படுத்தப்பட்டது. எனவே சுருள் பாதைகளுக்கு இடையிலான தூரம் 1.6 மைக்ரோமீட்டரிலிருந்து 0.74 ஆகவும், மிகச் சிறிய குழியின் நீளம் சுமார் 0.83இலிருந்து 0.40 ஆகவும் குறைந்தன.

சூப்பர் ஆடியோ சிடியில் அழகான உத்தி ஒன்றும் உண்டு. பல தட்டுகளில் இரண்டு அடுக்குகள் இருக்கும். 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடுக்கு சிவப்பு ஒளியை எதிரொளித்து, அகச்சிவப்பு ஒளியை ஊடுருவ விட்டுவிடும். அதனால் பழைய குறுந்தட்டுக் கருவியில் இட்டால், அதன் ஒளி அந்த அடுக்கைக் கடந்து 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள சாதாரண அடுக்கைப் படிக்கும். புதிய கருவியில் இட்டால் உயர்தர அடுக்கு ஒலிக்கும். ஒரே தட்டு, இரு கருவிகளுக்கும் பொருந்தும்.

செவி என்ன சொல்கிறது?

இத்தனை உழைப்பின் பயனைச் செவி உணர்கிறதா? இதனை அறிய ஒரே வழி, எது ஒலிக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்லாமல் சோதிப்பதுதான். அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் நடத்திய சோதனையின் முடிவு 2007இல் வெளியாயிற்று. உயர்தரத் தட்டின் ஒலியை நேராகவும், குறுந்தட்டின் தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டு விடை சொன்னாலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான் கிடைக்கும்!

அத்துடன் பேச்சு முடிந்துவிடவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் என்னும் ஆய்வாளர் 18 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகளில் சுமார் 52 விழுக்காடு சரி. தற்செயலைவிடச் சற்று அதிகம். நன்கு பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் அதிகம். ஆகவே வேறுபாடு இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. இருந்தாலும் அது மிக நுண்ணியது என்பதே இன்றைய நிலை.

எண்களும் இதையே உணர்த்துகின்றன. அமைதியான அறையிலும் சுமார் 30 டெசிபெல் ஓசை இருக்கும். அதற்கு மேல் 96 டெசிபெல் என்றால் 126. செவி வலிக்கத் தொடங்கும் அளவு அது. வீட்டில் கேட்பவருக்குக் குறுந்தட்டே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது தடம்

அப்படியானால் உயர்தரத் தட்டுகளால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அந்தப் பயன் அதிர்வெண்ணில் இல்லை. தடங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

1950களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம், ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய சிக்காகோ இசைக்குழு முதலியவற்றின் இசையை மூன்று தடங்கள் கொண்ட காந்த நாடாவில் பதிவு செய்தது: இடது, நடு, வலது. ஆனால் பழைய ஊசித்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள்தாம். எனவே இரண்டு தடங்கள்தாம். நடுத்தடத்தை இரண்டிலும் கலந்தே வெளியிட வேண்டியதாயிற்று. சூப்பர் ஆடியோ சிடியில் ஆறு தடங்கள் வரை இடமுண்டு. 2004 முதல் அப்பதிவுகள் அத்தட்டில் வெளிவந்தபோது, ஏறக்குறைய 50 ஆண்டுகளாக நாடாவில் உறங்கிய மூன்றாவது தடம் தனி ஒலிபெருக்கியில் வீடுகளில் ஒலித்தது. மூன்று திசைகளிலிருந்து வரும் ஒலியை வேறுபடுத்தி அறிய யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை.

ஏன் தோற்றன?

காரணங்கள் சில. முதலாவது, ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு முறைகள் வந்தன. எதை வாங்குவது என்று தெரியாத மக்கள் இரண்டையும் வாங்கவில்லை. 1970களில் நான்கு தட ஊசித்தட்டுகளும் இவ்வாறே பல முறைகளாகப் பிரிந்து தோற்றன, அப்பாடம் மறந்துபோயிற்று. இரண்டாவது, படியெடுப்பதைத் தடுக்க உயர்தர அடுக்கு பூட்டி வைக்கப்பட்டது. சாதாரணக் கணினியால் சூப்பர் ஆடியோ சிடியின் அந்த அடுக்கைப் படிக்க இயலாது. மூன்றாவது, பல தட ஒலியைக் கேட்கத் தொடக்கக் காலத்தில் ஆறு தனித்தனிக் கம்பிவடங்களும், அறையைச் சுற்றி ஒலிபெருக்கிகளும் வேண்டியிருந்தன.

நான்காவதே பெரிய காரணம். 2001இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது. அக்காலத்தில் பரவியிருந்த எம்பி3 கோப்பில் நொடிக்கு 1,28,000 பிட்டுகள். குறுந்தட்டில் பதினொன்றில் ஒரு பங்கு. தொழிற்சாலைகள் நான்கு மடங்கு தந்தன. மக்களோ பதினொன்றில் ஒரு பங்கை விரும்பி ஏற்றார்கள். ஏனெனில் அது சட்டைப் பைக்குள் அடங்கியது.

இனி என்ன?

2021இல் ஆப்பிள் தன் இசைச் சேவையில் 24 பிட், 1,92,000 அளவீடு வரையிலான ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தரத் தொடங்கியது. டிவிடி ஆடியோ பெருமையாகச் சொன்ன எண்கள் இன்று தட்டு இல்லாமலே கிடைக்கின்றன. மறுபுறம், 2020இல் அமெரிக்காவில் ஊசித்தட்டின் விற்பனை வருவாய் 1986க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டின் வருவாயை மிஞ்சியது. அளவீட்டில் தாழ்ந்தது திரும்பி வந்துவிட்டது!

சூப்பர் ஆடியோ சிடி, பெரும்பாலும் மேற்கத்தியச் செவ்விசைக்காகவும் ஜப்பானிய ரசிகர்களுக்காகவும், சிறு எண்ணிக்கையில் இன்னும் வெளிவருகிறது. ஆனால் அதன் உண்மையான இடர் தட்டில் இல்லை, கருவியில் இருக்கிறது. ஊசித்தட்டு கீறிப்போனாலும் போகட்டும் என்று துணிந்தால், ஓர் ஊசியும் காகிதக் கூம்பும் கொண்டு மெல்லிய ஒலியையாவது எழுப்பிவிடலாம். உயர்தரத் தட்டுக்கு லேசர் தலை, வில்லை, பூட்டைத் திறக்கும் மின்சுற்று அனைத்தும் வேண்டும். இவ்வகைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஆப்போ நிறுவனம் 2018இல் அத்தொழிலிலிருந்து விலகிவிட்டது. செய்பவர்கள் குறையக் குறைய, பழுதாகும் கருவிக்கு மாற்று கிடைப்பது அரிதாகும். படிக்கும் கருவி இல்லாத தட்டு வெறும் கண்ணாடிதான்.

ஆகவே, நண்பர்களே, நல்ல பதிவு எது என்று கேட்கும்போது, எத்தனை பிட் என்று மட்டும் கேட்காதீர்கள். ஐம்பது ஆண்டுக்குப் பின் அதைப் படிக்க வழி இருக்குமா என்றும் கேளுங்கள். ஆர்.சி.ஏ.வின் மூன்றாவது தடம் பிழைத்தது, அந்த நாடாவைப் பாதுகாத்தவர்களும், அதைப் படிக்கும் கருவியைப் பேணியவர்களும் இருந்ததனால்தான்.

செய்து பாருங்கள்

1. ஒரு குறுந்தட்டையும் ஒரு டிவிடி தட்டையும் இருட்டறையில் கைவிளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். எதில் நிறங்கள் அதிகமாக விரிகின்றன? பாதைகளின் இடைவெளியைக் கொண்டு காரணம் கூறுங்கள். சூரிய ஒளியில் இதைச் செய்ய வேண்டாம், கண்ணுக்குக் கேடு.

2. ஒரே பாடலின் முழுத்தரக் கோப்பையும் எம்பி3 கோப்பையும் ஒரே ஒலியளவில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்றையும் தலை விழுந்தால் மற்றதையும் உங்களுக்குக் காட்டாமல் ஒலிக்கச் செய்யட்டும். 20 முறை விடை சொல்லுங்கள். 10 சரி என்றால் அது ஊகமே. 15 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது தற்செயலாக நூற்றுக்குச் சுமார் இரண்டு முறைதான் நிகழும். உங்கள் செவி என்ன சொல்கிறது?