பட்டியல் போதுமா?

கேள்வி: பல வருடமாக வயிற்று உப்புசம்; ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்று சொன்ன டாக்டர், டயட்டீஷியனைப் பார்க்கச் சொல்கிறார். யூடியூபில் இல்லாததையா அவர் சொல்லப்போகிறார்? - வாசகி, ஈரோடு

பதில்: ஒதுக்க வேண்டிய உணவுகளின் பட்டியல் யூடியூபிலும் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான 'லோ ஃபாட்மேப்' உணவுமுறையின் பட்டியல்தான் அது. ஃபாட்மேப் எனப்படும், சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிலவகை மாவுச்சத்துகள் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன, தண்ணீரையும் இழுக்கின்றன. 2014இல் வெளியான மோனாஷ் ஆய்வில், அவற்றைக் குறைத்துச் சாப்பிட்ட ஐ.பி.எஸ். நோயாளிகளின் தொல்லை கணிசமாகக் குறைந்தது. ஆனால், பட்டியல் பாதி வைத்தியம்தான். விலக்குவது 2 முதல் 6 வாரம் மட்டுமே. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, உங்களுக்கு ஆகாதது எது, எந்த அளவுவரை தாங்கும் என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் பருப்பு, பால், கோதுமை, வெங்காயம் என்று ஆயுளுக்கும் ஒதுக்கினால் புரதமும் கால்சியமும் குறையும். குடலின் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும்.

'வெங்காயம், பூண்டு இல்லாமல் நம் சமையலா?' என்பீர்கள். நியாயம்தான். பூண்டிலுள்ள ஃபாட்மேப்பான ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெயில் வதக்கிப் பூண்டை எடுத்துவிட்டால் மணம் மட்டும் மிஞ்சும். ரசத்தில் போட்டு எடுத்தால் பயனில்லை. இப்படி உங்கள் அடுப்படிக்கேற்ப மாற்றிச் சொல்லத்தான் டயட்டீஷியன். செலவுதான் தயக்கமென்றால், பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள்.

கோதுமையை நிறுத்துமுன், அதிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்தியபின் முடிவு தவறாக வரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லா எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் முதலில் டாக்டர்தான்.