கூடிக் கற்றல்

ஏட்டைத் தனித்து நோக்குவதால் மட்டும் கல்வி நிரம்பாது. கொரோனாத் தொற்றுப் பரவவே, 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பெற்றன. கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பாடங்களை இல்லத்திற்குக் கொணர்ந்தன. கைப்பேசி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகளோ பின்தங்கினர்.

ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் தொடங்கின. இடைப்பட்ட 19 திங்களில், கற்ற எழுத்தை மறந்த சிறுவர் பலர். தோழரொடு அளவளாவுதல், முறைவரும்வரை பொறுத்தல், விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றைப் பழகும் வாய்ப்பையும் அவர்கள் இழந்தனர்.

இக்குறை நீங்க, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் தோன்றியது. தன்னார்வலர்கள் மாலைதோறும் அண்டை வீட்டுச் சிறுவரை ஓரிடத்தில் கூட்டி, கதையும் பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்தனர். பாடத்தைக் கருவி கொணரலாம். பண்பையோ பழக்கமே தரும். ஆதலின், உடன்பயில்வோரொடு ஒன்றிக் கற்றல் மாணவர் கடனாகும்.