முல்லைத்தீவு மாவட்டம்: வரலாறும் குடித்தொகையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
அலகு: குடித்தொகை

மாணவர்களே! குடித்தொகை பற்றிய வினாக்களில் அட்டவணை ஒன்று தரப்பட்டு, "இம்மாற்றத்திற்கான காரணங்களைத் தருக" எனக் கேட்கப்படுவதுண்டு. "பிறப்பு வீதம் அதிகரித்தது" என ஒரே வரியில் எழுதிவிட்டுப் புள்ளிகளை இழப்போர் பலர். அவ்விடையில் உள்ள குறையை நமது நாட்டின் மிகக் குறைந்த குடித்தொகை கொண்ட மாவட்டத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. அமைவிடமும் பொது விபரங்களும்

• வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களுள் ஒன்று. கிழக்கே வங்காள விரிகுடா அமைந்துள்ளது.
• 1978இல் தனி மாவட்டமாக உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் இதன் பெரும்பகுதி வவுனியா மாவட்டத்தில் அடங்கியிருந்தது.
• நிலப்பரப்பு 2,415 சதுர கிலோமீற்றர் (உள்நாட்டு நீர்ப்பரப்பு நீங்கலாக).
• பிரதேச செயலாளர் பிரிவுகள் 6: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா.
• பிரதான தொழில்கள்: நெற்செய்கை, மீன்பிடி, கால்நடை வளர்ப்பு.

2. வரலாற்றுச் சுருக்கம்

இம்மாவட்டம் வன்னிப் பெருநிலத்தின் ஒரு பகுதியாகும். முற்காலத்தில் வன்னியர் எனப்பட்ட சிற்றரசர்கள் இங்கு ஆட்சி செய்தனர். பண்டாரவன்னியன் 1803இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். எனினும் அதே ஆண்டில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான்.

அடர்ந்த காடு, மலேரியா, கைவிடப்பட்ட குளங்கள் ஆகியவற்றால் ஆங்கிலேயர் காலத்தில் வன்னியில் மக்கள் ஐதாகவே வாழ்ந்தனர். 1940களின் பிற்பகுதியில் டீ.டீ.ரீ. தெளிப்பினால் மலேரியா கட்டுப்பட்டது. சுதந்திரத்தின் பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் போன்றவை புனரமைக்கப்பட்டு, காணியற்ற விவசாயிகள் குடியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் பலர் வந்தனர். 1977 வன்செயலின் பின்னர் மலையகத் தமிழ்க் குடும்பங்களும் வன்னியை நாடி வந்தன.

அதன்பின் யுத்தம் மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயரச் செய்தது.

• 1990 – வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவு முஸ்லிம்களும் இவர்களுள் அடங்குவர்.
• 1995, 1996 – யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பெருந்தொகையாக வன்னிக்குள் வந்தனர்.
• 2004 டிசம்பர் 26 – ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.
• 2009 – இறுதி யுத்தம் இம்மாவட்டத்தின் முள்ளிவாய்க்காலில் மே மாதம் முடிவுற்றது. பொதுமக்கள் பெருமளவில் உயிரிழந்தனர். எஞ்சியோர் வவுனியா மாவட்டத்தின் மெனிக் பாம் முதலிய முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர்.

3. குடித்தொகைத் தரவுகள்

ஆண்டு – முல்லைத்தீவு மாவட்டம்
1981 – 77,189
1991 – நாட்டில் தொகைமதிப்பு நடைபெறவில்லை
2001 – இம்மாவட்டத்தில் கணக்கெடுக்கப்படவில்லை
2012 – 92,238
2024 – ஏறத்தாழ 122,500

2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே தொகைமதிப்பு முழுமையாக நடைபெற்றது. எனவே 1981 முதல் 2012 வரை 31 வருடங்களுக்கு இம்மாவட்டத்திற்குத் தொகைமதிப்புத் தரவு இல்லை.

4. தரவுகளை வாசிக்கும் முறை

முதலில் இச்சூத்திரத்தை மனனம் செய்க:

குடித்தொகை மாற்றம் = (பிறப்பு – இறப்பு) + (உள்வந்தோர் – வெளியேறியோர்)

(அ) 1981 – 2012: அதிகரிப்பு 15,049. இது 19.5 சதவீதமாகும். இதே காலத்தில் முழு இலங்கையின் அதிகரிப்பு ஏறத்தாழ 37 சதவீதம். "மெதுவான வளர்ச்சி" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவுறாது. இடைப்பட்ட 31 வருடங்களில் மக்கள் தொகை சீராகக் கூடவில்லை. இடம்பெயர்ந்தோர் வந்தபோது உயர்ந்தது, வெளியேறியபோது வீழ்ந்தது. இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டினால் இணைத்தால் இவ்வேற்றத் தாழ்வு மறைந்துவிடும்.

(ஆ) 2012 – 2024: 12 வருடங்களில் அதிகரிப்பு ஏறத்தாழ 33 சதவீதம். முழு நாட்டில் ஏறத்தாழ 7 சதவீதம் மட்டுமே. வருடாந்த வளர்ச்சி வீதம் 2.23. மாவட்டங்களுள் இதுவே மிக உயர்ந்தது. பிறப்புகள் மட்டும் இவ்வளவு உயர்வைத் தரமுடியாது. 2012 தொகைமதிப்பு மார்ச் மாதத்தில் நடைபெற்றது. மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது செப்டெம்பரிலாகும். அதாவது, கணக்கெடுத்த வேளையில் ஊர் திரும்பாதோர் இன்னும் இருந்தனர். ஆகவே 2012ஆம் ஆண்டின் எண்ணே வழமையை விடக் குறைந்த ஓர் எண் என்பதைக் கவனிக்க.

(இ) அடர்த்தி: 2012இல் 92,238 ÷ 2,415 = 38 (ஒரு சதுர கிலோமீற்றருக்கு). அதே ஆண்டில் களனி அமைந்துள்ள கம்பஹா மாவட்டத்தில் ஏறத்தாழ 1,700, கொழும்பு மாவட்டத்தில் 3,400க்கு மேல்.

நினைவிற் கொள்க: குறைந்த அடர்த்தியுள்ள இடம் வெறுமையான இடமன்று. வயலும் குளமும் காடும் களப்பும் அங்குள்ள மக்களின் வாழ்வாதாரங்களாகும்.

5. மாதிரி வினாவும் விடையும்

வினா: 2012 – 2024 காலப்பகுதியில் முல்லைத்தீவு மாவட்டக் குடித்தொகை விரைவாக அதிகரித்தமைக்கான காரணங்கள் இரண்டு தருக.

விடை:
1. யுத்தத்தினால் இடம்பெயர்ந்தோர் மீள்குடியேறியமை (உள்வருகை).
2. திரும்பிய குடும்பங்களில் ஏற்பட்ட இயற்கை அதிகரிப்பு.

பயிற்சி

1. 2024ஆம் ஆண்டுக்குரிய குடித்தொகை அடர்த்தியைக் கணிக்க.
2. அயல் மாவட்டமாகிய வவுனியாவில் 2012 – 2024 வருடாந்த வளர்ச்சி வீதம் 0.01 மட்டுமே. இவ்விரு மாவட்டங்களையும் ஒப்பிட்டு, இடப்பெயர்வின் பங்கினை ஆராய்க.
3. உங்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம், 1981இலும் 2012இலும் அவர் எந்த மாவட்டத்தில் வாழ்ந்தார் எனக் கேட்டு எழுதுக. மாறியிருப்பின் காரணத்தையும் குறிப்பிடுக.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து படிக்கும் உங்களில் பலருக்கு மூன்றாம் வினாவின் விடை வீட்டிலேயே இருக்கும். அதை எழுதிப் பார்த்தவர் சூத்திரத்தின் இரண்டாவது அடைப்புக்குறியைப் பரீட்சையில் மறக்கமாட்டார்.