மலையைப் பார்க்க வருவோரும் மலையில் வாழ்வோரும்

(குழுவாக வாசித்துக் கலந்துரையாடுவதற்குரிய பாடம்)

இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடும் இடங்களில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "காணி போய்விட்டது. கொத்திப் பிழைக்க இடமில்லை. எல்லப் பக்கம் வெளிநாட்டுக்காரர் நிறைய வருகிறார்களே, நாமும் அதில் ஏதாவது செய்யலாமா?" என்பதே அது. நியாயமான கேள்விதான். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வழிதேடுகிறவர்களின் கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூற இப்பாடம் முயலவில்லை. பதில் கூறுமுன் எவற்றைக் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பதையே நாம் ஒன்றாக ஆராய்வோம்.

எமது மலைகளைத் தேடி வருவோர்

பதுளைக்கு ரயில் 1924ஆம் ஆண்டு வந்து சேர்ந்தது. தேயிலையைக் கொழும்புக்கு இறக்குவதற்காகவே அப்பாதை போடப்பட்டது. பிற்காலத்தில் அதே ரயிலில் மலையைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வரத் தொடங்கினர். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் இன்று உலகெங்கும் படங்களில் காணப்படுகின்றது. ஹப்புத்தளைக்கு வருவோர் தம்பேதென்ன தோட்டத்தின் தேயிலை மலைகளூடாக லிப்டன் சீட் உச்சிக்கு ஏறுகின்றனர்.

இவ்வாறு வருவோரில் பலர் சாகசத்தை நாடுகின்றனர். உடலை வருத்தி மலையேறுதல், காட்டோரத்தில் கூடாரமடித்துத் தங்குதல், பாறையில் கயிறு கட்டி இறங்குதல், கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடத்தல் ஆகியவையே சாகசப் பயணம் எனப்படுகின்றன. எல்லப் பாறை இதற்குப் பெயர்பெற்ற இடம். கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியின் மேற்பகுதியும் அப்படியே. கண்டியில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. 22 பகுதிகளைக் கொண்டது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளே அதில் இணைக்கப்பட்டுள்ளன. எமது பாட்டன்மாரும் பாட்டிமாரும் கொழுந்துக்கூடை சுமந்து நடந்த பாதைகள் அவை.

கிடைக்கும் நன்மை

நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வழிகாட்டியாகச் செல்லும் இளைஞனுக்கும், தேநீரும் ரொட்டியும் விற்கும் தாய்க்கும், முச்சக்கர வண்டி ஓட்டுநருக்கும், மரக்கறி விற்கும் கமக்காரருக்கும் கையில் காசு வருகின்றது. தோட்டத்தைவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகளில் சிலராவது ஊரிலேயே பிழைக்கலாம். நடைபாதைக்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. இருக்கும் பாதையைத் துப்புரவாக வைத்திருந்தாற் போதும். ஆகவே சாகசப் பயணம் முழுவதும் தீயது என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் நடக்க வருகிறவர் இரவில் தங்கவும் வேண்டும். அங்கேதான் கணக்கின் மறுபக்கம் தொடங்குகின்றது.

தண்ணீரும் சரிவும்

மலையில் எமக்குத் தண்ணீர் தருவது ஊற்று. அதிலிருந்து குழாய் போட்டுப் பீலியில் பிடிக்கின்றோம். மேலே ஒரு விடுதி எழுந்து அதே ஊற்றிலிருந்து தன் தாங்கிகளை நிரப்பினால், வரட்சி மாதங்களில் கீழேயுள்ள பீலி வற்றும். விடுதியின் குளியலறைகளும் படுக்கைத் துணி கழுவுதலும் ஒரு குடும்பத்தின் தேவையைவிடப் பன்மடங்கு நீரைக் கேட்பவை. பாவித்த நீர் மலசலகூடக் குழி வழியாகத் திரும்பவும் சரிவிலேயே இறங்குகின்றது. அது கீழுள்ள ஊற்றிற் கலந்தால் நோய் வரும்.

மலைக்குள் ஓடும் நீர் எவ்வளவு நுட்பமானது என்பதை உமா ஓயாத் திட்டம் எமக்குக் காட்டியது. அதற்காக மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவாட் மின்சாரத்துக்கான அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. விடுதி கட்டுவதும் சுரங்கம் வெட்டுவதும் ஒன்றல்ல. எனினும் மலையின் ஓரிடத்திற் செய்வது வேறோர் இடத்தின் நீரைத் தொடும் என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

அடுத்தது மண். வீதிக்கும் கட்டிடத்துக்கும் சரிவின் அடியை வெட்டினால் மேலுள்ள மண்ணுக்குத் தாங்கல் இல்லாமற் போகும். தேயிலை மலையிலுள்ள கான்கள் மழைநீரை ஒழுங்காக வடித்து விடுவதற்கே வெட்டப்பட்டவை. கான் தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். நனைந்த மண் பாரம் கூடிப் பிடிப்பை இழக்கும். நடைபாதையில் வருவோர் வளைவைத் தவிர்த்துக் குறுக்கே இறங்கினாலும், அந்தத் தடமே அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும்.

இதன் முடிவை எவரும் எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அங்கு ஆபத்து உண்டென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் மக்களுக்குப் போக மாற்று இடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை மாவட்டத்தையும் மலையகத்தின் ஏனைய பகுதிகளையும் மிகக் கடுமையாகத் தாக்கியது. இவ்வரிகளை வாசிக்கும் உங்களிற் பலர் அந்த மண்ணிலிருந்து எழுந்து வந்தவர்கள். தியலும அருவியின் உச்சியில் கூடாரமடிப்பவர் நிற்பதும் மீரியபெத்த இருப்பதும் ஒரே கொஸ்லந்தைப் பகுதியிலேதான் என்பதை நாம் மறக்கலாகாது.

சிறியவை பல சேரும்போது

"சட்டம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்கலாம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, 99 அறைகளுக்கு மேற்பட்ட அல்லது 40 ஹெக்டயருக்கு மேற்பட்ட விடுதித் திட்டங்களுக்கே பொதுவாகச் சுற்றாடல் மதிப்பீட்டு அனுமதி அவசியம். அப்படியான மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்துக் கூறலாம்.

ஆனால் 10 அறை, 15 அறை கொண்ட விடுதிகள் 20 சேர்ந்து ஒரே சரிவில் எழுந்தால்? தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. எல்லாம் சேர்ந்து குடிக்கும் நீரையும், வெட்டும் மண்ணையும், கொட்டும் குப்பையையும் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிடம் எழுப்ப, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை தேவை. பதுளை அவற்றுள் ஒன்று. அதுவும் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனியாகவே கேட்கப்படுகின்றது. முழு மலையையும் ஒரே கணக்காகப் பார்க்கக்கூடியவர்கள் அந்த மலையில் வாழும் மக்களே. எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும், எந்தக் கரை மழைக்கு இளகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நிலம் யாருடைய பெயரில்?

தோட்டங்களை அரசு 1975இல் பொறுப்பேற்றது. 1992 முதல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசினுடையது, கம்பனிகள் நீண்டகாலக் குத்தகையில் வைத்திருக்கின்றன. லயக் காம்பிராக்களில் பரம்பரையாக வாழும் குடும்பங்களிற் பெரும்பாலானோரிடம் உறுதி இல்லை. உறுதி இல்லாதவர் தம் வீட்டில் ஓர் அறையைப் பயணிகளுக்கு ஒதுக்கிப் பதிவு செய்வது எளிதல்ல. வங்கிக் கடன் பெறுவதும் எளிதல்ல. பணமும் பத்திரமும் உள்ள வெளியார் விடுதி நடத்த, எம்மவர் அங்கே பாத்திரம் கழுவும் நிலை இதனால்தான் வருகின்றது.

இடம்பெயர்ந்தோருக்கு இது இன்னும் கூர்மையான விடயம். நீங்கள் விட்டுவந்த காணி குடியிருக்கத் தகாதது என்று கூறப்பட்டிருந்தால், அதே காணி நாளைக்கு விடுதி கட்டத் தகுதியானதாக மாறலாமா? அபாய வலயம் என்பது ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். புதிய காணி கிடைக்கும்போது முதலிற் கேட்க வேண்டியது உறுதிப் பத்திரம். பயணிகளின் வருமானம் அதற்குப் பிறகு வரட்டும்.

ஒரே வருமானத்தை நம்பலாமா?

2018இல் ஏறக்குறைய 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் பின்னர் கொரோனாவும் வந்தன. 2021இல் வந்தோர் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2024இல் மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடன்பட்டு அறை கட்டியவர் தவித்தனர். பீன்ஸும் உருளைக்கிழங்கும் நட்டவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே சிறு துண்டு நிலமாயினும் பயிரைக் கைவிடாதீர்கள். பயணிகளின் காசு கைச்செலவுக்குத் துணையாகட்டும்.

பிற இடங்கள் கற்றவை

எம்மைப்போன்ற மலைவாழ் மக்கள் வேறிடங்களிலும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளனர். நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பகுதியில் பயணிகள் விடுதிகளுக்கு விறகு வெட்டிக் காடு அழிந்தது. 1986இல் அங்கே ஒரு பாதுகாப்புத் திட்டம் காந்துருக் கிராமத்தில் தொடங்கியது. மலையேறுவோரிடம் பெறும் நுழைவுக் கட்டணம் அப்பகுதியின் பாதுகாப்புக்கும் கிராம வேலைகளுக்குமே செலவிடப்பட்டது. விறகுக்குப் பதிலாக மண்ணெண்ணெயும் எரிவாயுவும் பாவிக்கும் ஒழுங்கு வந்தது. கிராமக் குழுக்களுக்கு அதில் பங்கு இருந்தது.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கசப்பான பாடம் கிடைத்தது. 2018 மார்ச் 11ஆம் திகதி குரங்கணி மலையில் ஏறியவர்களைப் புல்வெளித் தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024இல் 40 பாதைகளை வனத்துறை ஒழுங்குபடுத்தித் திறந்து, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது. வரட்சி மாதங்களில் எமது மானாப்புல் மலைகளும் அவ்வாறே எரிகின்றன. உயிர்கள் போகுமுன்னரே நாம் விதிகளை வகுக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. ஊரின் ஊற்றுகள், பீலிகள், கான்கள், இளகும் கரைகள் ஆகியவற்றைக் குறித்து ஒரு படம் வரையுங்கள். வயதானவர்களிடம் கேட்டு வரையுங்கள்.

2. புதிய கட்டிடம் வரும்போது பிரதேச சபையிடமும் கிராம சேவையாளரிடமும் எழுத்தில் விசாரியுங்கள்: மண்சரிவுப் பரிந்துரை உண்டா? நீர் எங்கிருந்து? கழிவு எங்கே?

3. வழிகாட்டும் இளைஞர் சங்கமாகச் சேர்ந்து கட்டணத்தை நிர்ணயியுங்கள். அதில் ஒரு பங்கு பாதை திருத்தவும் கான் துப்புரவாக்கவும் ஒதுக்கப்படட்டும்.

4. வரட்சி மாதங்களில் மலையில் நெருப்பு மூட்டத் தடை, கடும் மழையில் பாதை மூடல், குப்பையைத் திருப்பிக் கொண்டு செல்லல் ஆகிய மூன்றையும் ஊர் விதியாக்குங்கள்.

5. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணிகளையும் சேர்த்து எங்கே கொண்டுபோவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

சிந்தனைக்கு

இறைவாக்கினர் எசேக்கியேல், கொழுத்த ஆடுகளைப் பார்த்துக் கடவுள் கேட்கும் ஒரு கேள்வியைக் கூறுகின்றார் (34ஆம் அதிகாரம், 18ஆம் வசனம்). தெளிந்த நீரைக் குடித்தபின் மிஞ்சியதைக் காலாற் கலக்கிவிடுவது ஏன் என்பதே அதன் பொருள். குடிப்பது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. அடுத்தவருக்கு எஞ்சியதைக் கெடுப்பதே குற்றம். மலையைப் பார்க்க வருவோரை வரவேற்பது எமது பண்பு. கீழ்ப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் தாய்க்கு எஞ்சியிருக்க வேண்டியதைக் காப்பதும் எமது கடமை.

கலந்துரையாட

* எமது பகுதிக்குப் பயணிகள் வருவதால் யாருக்கு எவ்வளவு வருமானம்? யாருக்கு நட்டம்?

* கடந்த வரட்சியில் எந்தப் பீலி முதலில் வற்றியது? அதற்கு மேலே என்ன இருக்கின்றது?

* நாம் விட்டுவந்த காணியில் இன்று யார், என்ன செய்கின்றனர்?

* மேலே கூறிய ஐந்தில் இந்த மாதமே தொடங்கக்கூடியது எது? அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?