தகட்டில் இருப்பது என்ன?

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், கர்ப்பிணிக்குப் பயம் பிடித்தாலும், கடையில் வியாபாரம் படுத்தாலும் தாயத்தோ தகடோ தேடி நடப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாக இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "ஏதோ இஸ்மு" என்பார்கள். அந்த 'ஏதோ' என்ன என்பதை இம்மாதப் பாடத்தில் பார்ப்போம்.

ஒன்பது கட்டம்

தகடுகளில் அதிகம் காணப்படுவது இந்தக் கட்டம்தான்:

4 9 2
3 5 7
8 1 6

எப்பக்கம் கூட்டினாலும், குறுக்கே கூட்டினாலும் 15 வரும். அரபி எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் அபஜத் கணக்கில் அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3 என்று வரும். (பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக 786 எழுதுவதும் இக்கணக்கின்படிதான்.) கட்டத்தின் நான்கு மூலைகளில் உள்ள 2, 4, 6, 8 ஆகியவற்றை எழுத்தாக்கிச் சேர்த்தால் 'புதூஹ்' என்று வரும். அனுப்பும் பொருள் பத்திரமாகச் சேரும் என்று நம்பிக் கடிதங்களின் மேல் இதை எழுதினர். ஒரு ஜின்னின் பெயர் என்று கருதியவர்களும் உண்டு. உண்மையில் அது நான்கு இரட்டைப்படை எண்களே தவிர வேறில்லை!

இக்கட்டத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனர்கள் அறிந்திருந்தனர். 'லோ ஷூ' என்பது அவர்கள் இட்ட பெயர். நம் நாட்டுச் சோதிடர்கள் சூரிய யந்திரமாகச் செப்புத் தகட்டில் பொறிப்பதும் இந்த எண்களைத்தான். ஹி. 505-ல் (கி.பி. 1111) வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பிரசவம் எளிதாக இதைப் பயன்படுத்தும் வழக்கத்தை 'அல்முன்கித்' நூலில் குறிப்பிடுகிறார்கள். அறிவுக்கு எட்டாத தன்மைகளும் உண்டு என்பதற்கு உதாரணமாகவே அதைச் சொல்கிறார்கள். பெரியோரின் நூலில் இடம்பெற்றதால் ஒரு வழக்கம் மார்க்கமாகிவிடாது.

நட்சத்திரமும் வட்ட முனைக் கோடுகளும்

ஆறு முனை நட்சத்திரத்தை 'சுலைமான் நபியின் முத்திரை' என்பார்கள். யூதர்கள் அதைத் தாவூதின் கேடயம் என்கின்றனர். முருக வழிபாட்டில் அதுவே அறுகோணம். ஆக, அந்த வடிவம் எவருக்கும் தனிச் சொத்தன்று. சூனியத்தைச் சுலைமான் (அலை) அவர்களின் மேல் ஏற்றிச் சொன்னவர்களை அல்லாஹு தஆலா அல்பகரா சூராவின் 102-ஆம் ஆயத்தில் மறுத்து, அந்த நபியின் தூய்மையை அறிவிக்கிறான்.

சில தகடுகளில் நுனிதோறும் சிறு வட்டமிட்ட கோடுகள் இருக்கும். அவை அரபியன்று, எந்த மொழியின் எழுத்தும் அன்று. இஸ்லாத்துக்கு முன் எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட மந்திர ஏடுகளிலேயே இத்தகைய குறிகள் உள்ளன.

உரைகல் எது?

ஜாஹிலிய்யாக் காலத்தில் ஓதிப் பார்த்து வந்தது பற்றி அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் கேட்டபோது, ஓதுவதைத் தம்மிடம் காட்டும்படியும், ஷிர்க் இல்லாதவரை குற்றமில்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. முதலில் 'காட்டு' என்றார்கள் என்பதைக் கவனியுங்கள். ஓதப்படுவது அல்லாஹ்வின் கலாமாகவோ அவனுடைய திருநாமங்களாகவோ இருக்க வேண்டும். பொருள் விளங்க வேண்டும். அது தானாகவே பலன் தரும் என்று நம்பக் கூடாது. இம்மூன்றும் உலமாக்கள் ஏகோபித்துக் கூறிய நிபந்தனைகள். குர்ஆன் ஆயத்தை எழுதிக் கட்டலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பொருளே விளங்காத கோட்டுக்கும் கட்டத்துக்கும் அந்தச் சலுகையும் இல்லை.

சகோதரிகளே! உங்கள் குழந்தையின் கழுத்திலுள்ள தகட்டைப் பிரித்து, விவரம் அறிந்த ஆலிமிடம் காட்டுங்கள். படித்துப் பொருள் சொல்ல முடியாததைக் கழற்றிவிடுங்கள். தூங்கும் முன் இஃக்லாஸ், ஃபலக், நாஸ் சூராக்களை ஓதிக் கையில் ஊதிப் பிள்ளையின் உடலில் தடவுங்கள். இது காசில்லாத காவல். காய்ச்சல் தணியாவிட்டாலும், பிரசவ வேதனை நீண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்காதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தாம்.

வல்ல நாயன் நம் ஈமானையும் நம் மக்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.