சேமித்த குருதியின் வயது

தானம் செய்தவர் எழுந்து சென்ற பின்னும், பையிலுள்ள குருதி உயிருடன்தான் இருக்கிறது. உயிருள்ளது எதுவாயினும் உண்ணும், கழிவை விடும், முதுமை எய்தும். குருதியும் இவ்விதிக்கு விலக்கன்று.

பையில் முன்னதாகவே சிட்ரேட் உப்பு இடப்பட்டிருக்கும். குருதி உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அதைச் சிட்ரேட் பிணித்துவிடுவதால் குருதி உறைவதில்லை. உடனிருக்கும் குளூகோஸ் சிவப்பணுக்களுக்கு உணவாகும். 2 முதல் 6 டிகிரி சென்டிகிரேடு குளிரில் அவை மெல்ல உண்டு வாழ்கின்றன. சி.பி.டி.ஏ. என்னும் கரைசலில் 35 நாட்களும், சிவப்பணுக்களை மட்டும் பிரித்து எஸ்.ஏ.ஜி.எம். கரைசலில் இட்டால் 42 நாட்களும் வைத்திருக்கலாம். ஏற்றிய 24 மணி நேரத்துக்குப் பின்னும் 75 விழுக்காடு அணுக்களாவது உடலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இக்கெடுவுக்கு ஓர் அளவுகோல்.

இந்நாட்களில் நிகழ்வன யாவை? சிவப்பணு, பிராணவாயுவின் துணையின்றியே குளூகோஸைச் சிதைத்து ஆற்றல் பெறுகிறது. கழிவாகிய லாக்டிக் அமிலம் பையிலேயே தேங்குகிறது. பொட்டாசியத்தை அணுவுக்குள் இழுத்து வைக்கும் வேலை குளிரில் ஏறத்தாழ நின்றுவிடுவதால், அது வெளியே கசிகிறது. நடுவில் குழிந்த தட்டுப் போன்ற அணுக்கள் நாளடைவில் முள் முளைத்த உருண்டைகளாகின்றன. ஹீமோகுளோபின் பிராணவாயுவை எளிதில் விடுவிக்க உதவும் 2,3-டி.பி.ஜி. என்ற பொருள், இரண்டு வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

அங்ஙனமாயின் பழைய குருதி பயனற்றதோ? இல்லை. உடலுள் சென்றபின் 2,3-டி.பி.ஜி. சில நாட்களில் மீள்கிறது. வயது வந்த நோயாளிகளிடம் நடத்தி 2015 முதல் 2017 வரை வெளியிடப்பட்ட பெரிய ஆய்வுகள், புதிய குருதி பெற்றவர்க்கும் பழையது பெற்றவர்க்கும் இடையே இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆனால் பெருமளவு குருதி ஏற்றப்படும் பச்சிளங்குழந்தையின் இதயத்தைக் கசிந்த பொட்டாசியம் தாக்கக்கூடும். அங்கே புதிய குருதியே விரும்பப்படுகிறது.

தட்டணுக்களின் ஆயுளோ இன்னும் குறுகியது. அவற்றை 20 முதல் 24 டிகிரியில் ஓயாது அசைத்துக்கொண்டே வைத்தாலும், வழக்கமான கெடு 5 நாட்களே. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர்க்கு இவை அடிக்கடி தேவைப்படும்.

ஆகவே நண்பர்களே, ஆண்டுக்கு ஒருநாள் நூறு பேர் கூடிக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிலராகப் பிரிந்து கொடுப்பதே மேல். நம் நாட்டு விதிப்படி ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். உற்றார் அருகில் இல்லாத ஊரில் படிக்கிறோம். நம்மில் ஒருவர் விபத்துற்றால், முன்பின் அறியாத ஒருவர் முன்னரே ஈந்த குருதிதான் அவரைக் காக்கும். நம் சங்கம் உறுப்பினர் பெயர்களை மாதவாரியாக வகுத்து வைக்கட்டும். கெடு தீராத குருதி இந்நகரில் என்றும் இருக்க நம்மால் இயன்றது அதுவாகும்.